டென்மார்க் கிராண்டும் என் கணுக்காலும்

என் மனைவி பொறியாளர். நான் மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் கோப்பு நகர்த்துகிறவன். வீடு சிகந்தராபாத் பக்கம் ஹப்சிகுடாவில். அவள் அலுவலகம் மாதாப்பூரில். தினமும் காலையில் மெட்ரோ ஏறி நகரத்தின் அந்தக் கோடிக்குப் போய், இருட்டும்போது திரும்பி வருவாள். ஆலோசனை நிறுவனம் ஒன்றில் குடிநீர்க் குழாய்களை வடிவமைப்பது அவள் வேலை. கம்ப்யூட்டர் திரையில் நீலக்கோடும் பச்சைக்கோடுமாக ஊர் ஊராகக் குழாய் போட்டிருக்கிறாள். ஒரு குழாயைக்கூட மண்ணுக்குள் பார்த்ததில்லை என்பது அவளுடைய நெடுநாள் வருத்தம்.

பூமிக்கடியில் எங்கே தண்ணீர் ஒழுகுகிறது என்று சாலையில் கருவியை வைத்துக் கேட்டே கண்டுபிடிக்கும் வேலை ஒன்று உண்டாம். காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, தரையில் மைக் வைத்து, அடி அடியாக நகர்ந்து போக வேண்டும். அவள் நிறுவனத்துக்கு அப்படி ஒரு வேலை வந்தால், வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்த சின்னப் பையன்களைத்தான் அனுப்புவார்கள். இவள் அவர்களுக்கு வரைபடம் அச்சடித்துக் கொடுப்பாள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைச் சற்று ஓங்கி வைப்பாள். எனக்குப் புரிந்துவிடும்.

அப்போதுதான் பொறியாளர் சங்கம் ஒன்றின் பயண நல்கை, அதாவது கிராண்ட் பற்றித் தெரியவந்தது. வெளிநாட்டில் தொழில் அனுபவம் பெற விரும்பும் பொறியாளர்களுக்கு விமானச் செலவும் அங்கே தங்கும் செலவும் கொடுப்பார்கள். வேலை பார்க்கும் இடத்தை நாமே பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் தொடர்ந்து இருக்க வேண்டும். இடையில் எந்தக் காரணத்துக்காகத் திரும்பினாலும் அனுபவம் கணக்கில் வராது, மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. வயது நாற்பதைத் தாண்டக் கூடாது. அவளுக்கு முப்பத்தொன்பது. டென்மார்க்கில் ஒரு சின்ன ஊரின் குடிநீர் அலுவலகத்துக்கு விடாமல் மின்னஞ்சல் எழுதி, அவர்களைச் சம்மதிக்க வைத்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னாள்.

நேர்முகத் தேர்வுக்கு நானும் கூடப் போனேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவளை உள்ளே உட்காரவைத்து, பத்து வயதுப் பெண் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு முன்னால் போய்வந்த தாடிக்காரரிடம், "உங்ககிட்டயும் குழந்தையைப் பத்திக் கேட்டாங்களா?" என்று நான் ஆங்கிலத்தில் விசாரித்தேன். அவர், "எந்தக் குழந்தை?" என்றார். என் மனைவி என்ன பதில் சொன்னாள் என்றால், "அவளுடைய அப்பா பார்த்துக்கொள்வார்." அவ்வளவுதான். வேறு விளக்கம் இல்லை.

அந்தப் பதில் எனக்குத் தலைக்கேறிவிட்டது. கிராண்ட் கிடைத்த சேதியைவிட அந்தப் பதிலைத்தான் நான் எல்லோரிடமும் சொன்னேன். அலுவலகத்தில் சொன்னேன். சிகந்தராபாத்தில் நாங்கள் மூன்று தலைமுறையாகப் போகும் தமிழ்க் கோயிலில் ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது சொன்னேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். சபைப் பெரியவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "மனைவிய இப்படி அனுப்பி வைக்க எத்தன பேருக்கு மனசு வரும்?" என்றார்கள். விண்ணப்பம் எழுதியதும், தேர்வில் பதில் சொன்னதும், டென்மார்க்காரர்களைச் சம்மதிக்க வைத்ததும் அவள். பாராட்டு எனக்கு. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

ஜூனில் அவள் புறப்பட்டுப் போனாள். ஒரு மாதம் நன்றாகத்தான் போயிற்று. மகளுக்கு இரண்டு பின்னல் போடக் கற்றுக்கொண்டேன். ஒரு பின்னல் எப்போதும் மற்றதைவிட மேலே நின்றது. அவள் பள்ளிக்கூடத் தோழிகள் கேலி செய்தார்களாம். "பர்வாலேது டாடி," என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில்தான் பதில் சொல்வாள்.

எங்கள் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடியற்காலையில் தண்ணீர் வரும். வாசலில் தரைக்கடியில் இருக்கும் சம்ப்புக்குள் அதை விட்டு, நிறைந்ததும் வால்வை மூட வேண்டும். அது என் மனைவியின் இலாகா. அவள் இல்லாததால் என்னிடம் வந்திருந்தது. ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் வால்வைத் திறந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிப்போனேன். சம்ப் வழிந்து வாசல் முழுக்கத் தண்ணீர். தண்ணீர் வீணாகாமல் தடுக்க ஒருத்தி டென்மார்க் வரை போயிருக்கிறாள், அவள் வீட்டுக்காரன் இங்கே தெருவுக்கே பாய விடுகிறானே என்ற பதற்றத்தில் வெறுங்காலோடு ஓடினேன். வழவழப்பான டைல்ஸ். வலது கணுக்காலில் ஒரு சத்தம் கேட்டது. மாடிவீட்டுக்காரர் லுங்கியோடு ஓடிவந்து, என்னைத் தூக்கித் தன் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அறுவை சிகிச்சை செய்து எலும்பில் பிளேட் வைத்தார்கள். ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்றார்கள். நகரத்திலேயே திருமலகிரியில் இருக்கும் என் அக்கா பெட்டியோடு வந்துவிட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் முதலில் சொன்னது இதுதான்:

"ஏல, அவகிட்ட மூச்சு விட்ராத. தெரிஞ்சா அடுத்த பிளேன்லயே ஏறிருவா. அவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கின கிராண்ட் பாழாப் போயிரும்."

"ஹவ், ஆமா, அதுதான் நானும் நெனச்சேன்," என்றேன்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குக் கெட்ட சேதி சொல்லாமல் இருப்பது எங்கள் சொந்தபந்தங்களில் ஒரு மரியாதை. அறுவை சிகிச்சை என்றால், ஆள் எழுந்து நடந்த பிறகுதான் அமெரிக்காவுக்குத் தெரியும். அதனால் இதைப் பற்றி யாரும் உட்கார்ந்து யோசிக்கக்கூட இல்லை. தெரிந்தால் அவள் வந்துவிடுவாள் என்பதில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. மகளிடம் சத்தியம் வாங்கினோம். மாடிவீட்டுக்காரரிடம் சொல்லிவைத்தோம். நான் வலியில் முனகிக்கொண்டே ஒரு தியாகியைப் போலப் படுத்திருந்தேன். அதில் ஒரு சுகமும் இருந்தது, பொய் சொல்வானேன்.

தினமும் சாயங்காலம் மனைவி வீடியோவில் கூப்பிடுவாள். அதற்கு முன்னால் வீட்டில் ஒரு நாடகக் கொட்டகை வேலை நடக்கும். அக்கா வாக்கரை எடுத்துக் கதவுக்குப் பின்னால் ஒளிப்பாள். எனக்குச் சட்டை மாட்டிவிட்டு, முதுகுக்குத் தலையணை வைப்பாள். மகள்தான் டைரக்டர். போனைப் பிடித்துப் பார்த்து, "டாடி, காலு கனபடுதுந்தி," என்று எச்சரிப்பாள். கால் தெரிகிறதாம். உடனே போர்வையை இழுத்து மூடுவேன்.

"எப்பப் பார்த்தாலும் கட்டில்லயே இருக்கீங்களே அத்தான்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி. அசதி."

"அம்புட்டுக் கோப்பா நகத்துனீங்க?" என்று சிரித்தாள்.

அவள் பங்குக்குத் தன் ஆரஞ்சு நிறக் கோட்டைக் காட்டுவாள். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸைக் காட்டுவாள். அங்கே பெய்யும் மழையைக் காட்டுவாள். வேலை எப்படி என்றால், "எல்லாம் நல்லாப் போகுது," என்பாள். நானும் சந்தோஷமாக அதைக் கேட்டுக்கொண்டு, சாப்பிட்டாயா என்பதற்குப் போய்விடுவேன்.

இப்படியே இரண்டரை வாரம் ஓட்டிவிட்டோம். பிறகு ஒரு ஞாயிறு வந்தது.

எங்கள் கோயிலில் ஆராதனையை இணையத்தில் நேரலையாகக் காட்டுவார்கள். அன்று அக்கா என் மகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தாள். நான் கட்டிலில் சாய்ந்தபடி போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பொது ஜெபம் வந்தது. போதகர் ஐயா வியாதிப்பட்டவர்களுக்காக வரிசையாக ஜெபித்துக்கொண்டு வந்தார். நானும் கண்ணை மூடி ஆமென் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்து அவர் குரல் உருகியது.

"ஆண்டவரே, தன் மனைவியைப் பயிற்சிக்காகத் தூர தேசத்துக்கு அனுப்பிவிட்டு, வலது காலிலே எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சையாகிப் படுக்கையிலே தவிக்கிற எங்கள் சபையின் சகோதரனை நினைத்தருளும். இந்தச் செய்தி எட்டாத தூரத்திலே இருக்கிற அந்தச் சகோதரியையும் காத்தருளும்."

கண்ணைத் திறந்துவிட்டேன். என் மனைவி டென்மார்க் போன நாளிலிருந்து ஒரு வாரம்கூட விடாமல் இதே நேரலையைப் பார்க்கிறவள். அக்காவுக்குப் போன் போட்டேன். ஆராதனையில் இருப்பதால் எடுக்கவில்லை. கேமரா பிடிக்கும் தம்பிக்குப் போட்டேன், அவனும் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் என்ன சொல்வது, போதகர் ஜெபத்தை வெட்டு என்றா? அங்கே காலை ஆறு மணி, தூங்கிக்கொண்டிருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அக்கா வந்ததும் பிடித்துக்கொண்டேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஜெப விண்ணப்பம்தான எழுதிப் போட்டேன்? அதுவும் பேரே சொல்ல நக்கோ, வேண்டாம்னு சொல்லித்தான் கொடுத்தேன்."

"அக்கா, பொண்டாட்டிய டென்மார்க்குக்கு அனுப்புன ஆளு இந்தச் சபையில எத்தன பேரு இருக்கான்?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "நீ ஒருத்தந்தான்," என்று ஒப்புக்கொண்டாள்.

அப்போது போன் அடித்தது. சட்டை மாட்டவோ வாக்கரை ஒளிக்கவோ நேரமில்லை. எடுத்தேன். என் மனைவி சமையலறை மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அத்தான், போனக் கொஞ்சம் கீழ இறக்குங்க."

"எதுக்கு?"

"இறக்குங்கன்னு சொல்லுதேம்லா."

இறக்கினேன். கட்டுப் போட்ட காலை வெகுநேரம் பார்த்தாள். மகள் என் தோளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பிறகு மனைவி கேள்வி கேட்க ஆரம்பித்தாள். அழுகை இல்லை, அதட்டல் இல்லை. பிளேட் வைத்தார்களா, ஸ்க்ரூ மட்டுமா? எக்ஸ்ரே எங்கே, இப்போதே அனுப்புங்கள். இரவில் எழுந்தால் யார் பிடித்துக்கொள்கிறார்கள்? குளியலறையில் பிடிமானத்துக்கு என்ன இருக்கிறது? ஸ்டூல் என்றேன். "சுவத்துல கம்பி மாட்டச் சொல்லுங்க. நாளைக்கே ஆளக் கூப்பிடுங்க," என்றாள். நான் ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடத்துப் பையனைப் போலப் பதில் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுமுடித்துவிட்டுச் சொன்னாள்: "சரி. நான் வரல."

இந்தக் கட்டத்துக்காக நான் ஒரு பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன். என்றாவது குட்டு வெளிப்பட்டு அவள் அழுதுகொண்டே "நான் வரேன்" என்பாள். நான் கம்பீரமாக, "வேண்டாம், இது உனக்கு ஒரே ஒரு வாய்ப்பு, நான் சமாளிச்சுக்கறேன், நீ முடிச்சுட்டு வா," என்பேன். படுத்துக்கொண்டே பலமுறை மனதில் சொல்லிப் பார்த்த பேச்சு. அதற்கு இப்போது வேலையே இல்லாமல் போய்விட்டது. "சரி," என்று மட்டும் சொன்னேன். போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் வரக் கூடாது என்றுதானே இத்தனை பொய்யும்?

அக்கா கரண்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். "என்னது, வரலியாமா? கைக்கு, எதுக்கு? புருஷன் கால் ஒடிஞ்சு கெடக்கான், ஏன் வரமாட்டாளாம்?"

"நீதான வரக் கூடாதுன்ன?" என்று எரிந்து விழுந்தேன்.

"நாம வரக் கூடாதுங்கறது வேற. அவ வரமாட்டேங்கறது வேறல்லா?" என்றாள் அக்கா. மனதுக்குள் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த இரண்டு நாள் மனைவி மகளிடம் மட்டும் பேசினாள். நானும் கூப்பிடவில்லை. வீறாப்பு. மூன்றாம் நாள் சாயங்காலம், அக்கா காய்கறி வாங்கப் போயிருந்த நேரம், என் போனுக்கே கூப்பிட்டாள்.

"கோவமா இருக்கியளா?"

"கோவமெல்லாம் இல்ல."

"பொய்."

"ஆமா. கோவந்தான்."

"எனக்கும்தான்," என்றாள். "கால் ஒடஞ்சத மறச்சதுக்குக்கூட இல்ல. நீங்க, மதினி, பிள்ள, மாடிவீட்டுக்காரரு, எல்லாருமாச் சேர்ந்து நான் ஓடி வந்துருவேன்னு தீர்மானம் பண்ணிட்டீங்க. அவ என்னதான் சொல்லுதான்னு கேட்டுப் பாப்போம்னு ஒருத்தருக்காவது தோணுச்சா? கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பேன். மதினியக் கூப்பிடுங்க, கம்பி மாட்டுங்க, நான் முடிச்சுட்டு வாறேன்னு."

நான் அதை விட்டுவிட்டு, கேட்க வேண்டும் என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "உனக்கு வரணும்னே தோணலியா?"

சின்னப்பிள்ளைத்தனமாகத்தான் கேட்டேன்.

"தோணாம என்ன? டிக்கெட் எல்லாம் பார்த்துட்டுத்தான் அன்னைக்கு உங்களக் கூப்பிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் மூடி வச்சுட்டேன். அத்தான், நான் இங்க வந்து இன்னும் ஒண்ணுகூடக் கண்டுபிடிக்கல."

முதலில் எனக்குப் புரியவில்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் விளங்கிற்று. முதல் மாதம் கூட நின்று பார்த்தாளாம். பிறகு அவளையே கேட்கச் சொன்னார்களாம். ஹெட்ஃபோனில் சத்தம் கேட்ட இடத்தில் சாலையில் பெயின்ட் அடித்துக் காட்டுவாள். ஆட்கள் வந்து தோண்டுவார்கள். உள்ளே காய்ந்த மண் இருக்கும். யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டார்கள். குழியை மூடி, தார் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. கற்றுக்கொள்கிற யாருக்கும் இப்படித்தான் என்று அங்கிருக்கும் மூத்தவர் சொல்கிறாராம். ஆனால் குழி மேல் குழியாகத் தோண்டவைத்துவிட்டு, இந்த அம்மாவுக்கு இது வராது என்று சங்கத்துக்கு எழுதிவிடுவார்களோ என்று ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டே வேலைக்குப் போகிறாளாம். இப்போது கிளம்பி வந்தால், புருஷனுக்குக் கால் ஒடிந்தது என்று எல்லோரும் பரிதாபப்படுவார்கள். வராத வேலையிலிருந்து தப்பித்து வந்தோம் என்று அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

"எல்லாம் நல்லாப் போகுதுன்னு தினமும் சொன்னியே?"

"சொன்னேன்."

"என்கிட்டயாவது சொல்லிருக்கலாமே?"

"சொன்னா, போதும், வந்துருன்னு சொல்லிருவீங்க."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் உண்மையில் சொல்லியிருப்பேன். அன்பாகத்தான் சொல்லியிருப்பேன். உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம், யாருக்கு என்ன நிரூபிக்கணும், கிளம்பி வா, நானும் பிள்ளையும் ஏர்போர்ட்டுக்கு வரோம் என்றிருப்பேன். அவளும் களைத்துப்போன ஒரு நாளில் அதைக் கேட்டு வந்திருப்பாள். நாற்பது வயதுக்கு அப்புறம் மாதாப்பூரில் அந்தப் பையன்களுக்கு வரைபடம் அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். மனைவியை எப்படித் தாங்குகிறான் பார் என்று அப்போதும் கோயிலில் என்னைத்தான் பாராட்டியிருப்பார்கள்.

"சொல்லிருப்பேன்," என்றேன்.

"தெரியும்," என்றாள்.

சரி, முடித்துவிட்டு வா என்று சொல்லத் தோன்றியது. அவள் ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்கு நான் அனுமதி கொடுப்பது போல ஆகிவிடும் என்று நிறுத்திக்கொண்டேன். அதற்குப் பதிலாக, "நாளைக்கு எந்தத் தெரு?" என்று கேட்டேன்.

அவள் ஒரு தாளை எடுத்துக் கேமராவுக்கு முன்னால் பிடித்தாள். பள்ளிக்கூடம் ஒன்றின் பின்பக்கத் தெரு. அங்கே பழைய இரும்புக் குழாயும் புதிய பிளாஸ்டிக் குழாயும் சேருகின்றன. இரும்பில் சத்தம் ஓடும், பிளாஸ்டிக்கில் அமுங்கிவிடும், அதனால் ஒழுகும் இடம் ஒன்று, சத்தம் பலமாகக் கேட்கும் இடம் வேறு. அதில்தான் தான் ஏமாந்துபோகிறோமோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம். நாளைக்கு இரண்டு பக்கமிருந்தும் கேட்டுப் பார்க்கப் போகிறாளாம். எனக்குக் கால்வாசிதான் புரிந்தது. புரியாததைக் கேட்டேன். அவள் மறுபடி சொன்னாள். அக்கா காய்கறியோடு வந்து, பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

"நாளைக்குத் தோண்டினா தண்ணி இருக்குமா?" என்று கேட்டேன்.

"தெரியல அத்தான்," என்றாள்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதிமூன்று வருடம். அதற்கு முன்னால் அவள் தன் வேலையைப் பற்றி என்னிடம் தெரியவில்லை என்று சொன்னதே இல்லை.